நம்ம ஆளுக்குச் சட்டை எதற்கு?

காட்டுப்பாக்கம்
5.2.2025

திரு. சம்பத் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நம்பரை பிளாக் செய்தது நான்தான், போன் ரிப்பேர் இல்லை. நேற்று முழுக்க அம்மாவின் போனில் அடித்துக்கொண்டே இருந்தீர்கள். எடுக்க மாட்டேன். போனில் பேசினால் நீங்கள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன். அப்புறம் சண்டை எங்கே போனது என்றே தெரியாது. ஏழு வருடக் கல்யாணத்தில் என் சண்டைகள் எல்லாம் இப்படித்தான் காணாமல் போயிருக்கின்றன. அதனால் இந்தத் தடவை எழுதுகிறேன். காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயம் முடிந்து கொல்லிமலையிலிருந்து நம் வீட்டுக்கு வராமல் நேராக அம்மா வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “அந்தச் செவப்புப் புள்ளி போட்ட சட்டையை நாலு நாளா போட்டுகினு இருந்தியே, கடைசியில எதுக்குடி கழட்டி அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தே? போன்ல பாத்துகினுதான் இருந்தேன்.”

உட்கார வைத்து விளக்கினேன். மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவளுக்கு மஞ்சள் சட்டை. மலை உச்சிகளில் முந்தி ஏறி அதிகப் புள்ளி சேர்த்தவளுக்குப் புள்ளிச் சட்டை. சின்ன வயசுக்காரிகளில் முன்னால் இருப்பவளுக்கு வெள்ளைச் சட்டை. எங்கள் டீம் மதிவதனி மூன்றிலும் முதலில் இருந்தாள். ஒரு உடம்பில் மூன்று சட்டை போட முடியாதே. அவள் மஞ்சளைப் போட்டுக்கொண்டாள். மலைக் கணக்கில் இரண்டாவதாக இருந்த நான் அவளுக்குப் பதிலாகப் புள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். இது பந்தய வழக்கம் என்றேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு, “அப்போ இரவல் சட்டைன்னு சொல்லு” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏன் அழுகை வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கடைசி நாள் காலையில் அது இரவல் சட்டைதான். மதியைவிட எனக்கு ஒரே ஒரு புள்ளி குறைவு. ஆனால் கொல்லிமலை உச்சியை அவளுக்கு முன்னால் நான் தொட்டிருந்தால் அது என் சட்டை. தொடத்தான் போனேன்! கடைசி வளைவுகளில் எனக்கு முன்னால் ஒரு ஈ காக்கை கிடையாது. அப்போதுதான் காதில் மாட்டியிருந்த ரேடியோவில் உங்கள் குரல். “தாட்சி, நில்லு. மதி வர்ட்டும். அவளை இஸ்துகினு வா.” எதுக்கு என்று கேட்டேன். “சொன்னா கேளு” என்றீர்கள்.

நின்றேன். காலைக் கீழே ஊன்றி, ரோட்டு ஓரத்தில், அன்னாசிப்பழம் விற்கிற ஒரு அண்ணன் பக்கத்தில் நின்றேன். “சைக்கிள் ரிப்பேராம்மா?” என்று கேட்டார். “சைக்கிள் இல்லண்ணே, மேனேஜர்” என்றேன். மதி வந்தாள். அவளுக்கு முன்னால் காற்றை மறைத்துக்கொண்டு உச்சி வரை கூட்டிப்போனேன். அவள் சக்கரம் முதலில் கோட்டைத் தொட்டது.

அதோடு விட்டதா? சின்னப் பந்தயம், மேடைக்கென்று வேறு சட்டை தைக்கவில்லையாம். என் வேர்வை காயாத சட்டையை என் முதுகிலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டு போய் அவளுக்கு மாட்டினார்கள். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு கீழே நின்று கை தட்டினேன். நீங்கள் மேடையில் பல் தெரியச் சிரித்தீர்கள்.

எனக்கு முப்பத்திரண்டு வயசு. மற்றவர்களுக்குத் தண்ணீர் சுமந்தே தேய்ந்திருக்கிறேன். மஞ்சளுக்கு நான் ஆசைப்பட்டதே இல்லை, அதற்கு வேறு கால் வேண்டும். என் பேரில் ஒரு புள்ளிச் சட்டை வேண்டும், ஒன்றே ஒன்று போதும் என்று கல்யாணமான புதிதில் உங்களிடம் சொன்னேன். “வாங்கிடலாம் தாட்சி” என்றீர்கள். கைக்கு வந்ததை ஏன் தட்டினீர்கள்? காரணம் தெரியாமல் சேக்காட்டு வீட்டுப் படி ஏற மாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் நிற்கச் சொன்னால் நிற்கிற
தாட்சாயிணி


சேக்காடு, ஆவடி
8.2.2025

அன்பு தாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னா சம்பத்து, கோர்ட்டு நோட்டீஸா?” என்றார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன். கோபத்தில்கூட உன் கையெழுத்து எவ்வளவு அழகு!

இங்கே நிலவரம் சொல்கிறேன். கேஸ் தீர்ந்துவிட்டது, மாற்று சிலிண்டர் எங்கே என்று தெரியவில்லை. துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும் அது என்னை முறைக்கிறது. நம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்கூட, அக்கா எங்கே என்று கேட்கிறார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறேன். “தோ பக்கத்துல கீற காட்டுப்பாக்கம் ஒரு ஊரா?” என்கிறார்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கு மதிக்குக் காலில் பிடித்துக்கொண்டது. முகமே வெளுத்துவிட்டது. அப்படியே விட்டிருந்தால் மஞ்சள் கை நழுவியிருக்கும். அஞ்சு நாள் உழைப்பு, தாட்சி. ஒரு மேனேஜர் அந்த இடத்தில் வேறு என்ன செய்ய முடியும்? நீயே என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? மஞ்சள் பெரிதா, புள்ளி பெரிதா?

உன் மனசு எனக்குத் தெரியாதா? இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். பிரித்துப் பார். அதே புள்ளிச் சட்டைதான். மதியே, “அக்காவுக்குத்தான் சேரணும் சார்” என்று சொல்லிக் கொடுத்தாள். நானே கையால் துவைத்தேன், மெஷினில் போடவில்லை. இனி அது உன்னுடையது. கோபத்தை விட்டுவிட்டு வா. சாம்பார் வைக்கத் தெரியாதவனை இதற்கு மேல் சோதிக்காதே.

உன் அன்புள்ள,
சம்பத்


காட்டுப்பாக்கம்
13.2.2025

சம்பத் அவர்களுக்கு,

பார்சலைப் பிரித்தேன். அம்மா சட்டையைக் கையில் எடுத்து, “நல்ல துணிடி, எவ்ளோ இருக்கும்?” என்றாள். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் இளகிவிட்டேன். உங்கள் மேல் பாவமாகக்கூட இருந்தது. புடவை வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்கிற புருஷன் மாதிரி இவர் பாவம் சட்டை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாளே மதி வந்தாள். ஆவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரத் தயக்கம். சட்டையைக் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். அவள் என்னைத் திருதிருவென்று பார்த்தாள். “நான் எங்கக்கா குடுத்தேன்? அட்வடைஸ்மெண்டுக்கு போட்டோ எடுக்கணும்னு சார்தானே வாங்கிகினு போனாரு?”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் குழந்தை ஆசையாய்ச் சுவரில் மாட்டி வைத்திருந்த சட்டையாம். பொய் சொல்லி வாங்கி, அதைத் துவைத்து, அதன் மேல் இன்னொரு பொய்யை எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

காலில் பிடித்துக்கொண்டதா என்று கேட்டேன். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “காலு நல்லாத்தான் இருந்துச்சிக்கா. சார் வண்டி பக்கத்துல வந்தப்போ நானே ஜன்னல்கிட்ட குனிஞ்சி சொன்னேன், அக்கா போவட்டும் சார், எனக்கு மஞ்சள் போதும், நாலு நிமிசத்துக்கு மேல லீடு கீதுன்னு. நீ கம்முனு ஓட்டுன்னாரு. லோகநாதன் சார் முன்னாடி சீட்ல குந்திகினு இருந்தாரு. அவரு சிரிச்சாரு.”

மதி கையிலேயே சட்டையைக் கொடுத்தனுப்பிவிட்டேன். அது அவள் சட்டை. ஜெயிக்காத சட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், தலையணைக்கு உறை போடவா?

மஞ்சள் பெரிதா புள்ளி பெரிதா என்று கேட்டீர்களே, வெட்கமாக இல்லையா? மஞ்சளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அது உங்களுக்குத் தெரியும், மதிக்குத் தெரியும், வண்டியில் உட்கார்ந்திருந்த, டீமுக்குப் பணம் போடுகிற அந்தப் பெரிய மனுஷருக்கும் தெரியும். தெரியாமல் வெயிலில் காலை ஊன்றிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். இந்தத் தடவை உண்மையை எழுதுங்கள். கேஸ், துளசி எல்லாம் வேண்டாம்.

தாட்சாயிணி


சேக்காடு
17.2.2025

தாட்சி,

சரி. எழுதுகிறேன்.

மலை ஏறும்போது லோகநாதன் சார் திடீரென்று கேட்டார். “ஒரே பொண்ணு, மூணு சட்டை! இந்தியாவுல எவன் டீம்ல இருக்குது சம்பத்து? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசல்ல நம்ம பாக்டரி பேரோட இருபதடி பேனர் வெச்சா எப்படி இருக்கும்?” நான் சிரித்தேன். “மூணாவது போய்டும் போல கீதே, உன் ஊட்டம்மா முன்னாடி போறாங்களே” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவ்வளவுதான். ரேடியோவை எடுத்துவிட்டேன்.

அவர் மிரட்டவில்லை. நிறுத்து என்று வாயால் சொல்லவும் இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் அடுத்த வருடம் டீம் இல்லை. உனக்குத் தெரியாததா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்னால் போனது நம் டீம் ஜமீலாவாக இருந்திருந்தால் நான் ரேடியோவைத் தொட்டிருக்க மாட்டேன். அவள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள். வேறு யாராக இருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது. உன்னிடம்தான் உரிமையோடு சொல்ல முடிந்தது. நீ நம்ம ஆளு. புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். அது தப்பா?

ஏப்ரலில் மதனப்பள்ளி பந்தயம். கடைசி நாள் ஹார்ஸ்லி மலை. அங்கே மலைச் சட்டைக்கு நீதான் ஓட்டுவாய், மற்றவர்கள் எல்லோரும் உனக்கு உதவி. மதிக்கும் சொல்லிவிட்டேன். இது சத்தியம். வீட்டுக்கு இப்போது வராவிட்டாலும் பரவாயில்லை, பயிற்சியை விட்டுவிடாதே.

சம்பத்


காட்டுப்பாக்கம்
21.2.2025

என்னங்க,

உங்கள் கடிதத்தில் பொய் இல்லை. அதற்கு நன்றி. ஆனால் பொய்யாக இருந்தபோதே தேவலாம் போலிருக்கிறது.

நம்ம ஆளு! கேட்கிறவர்களுக்கு இனிக்கும். எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் தங்கை ரேவதி கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா, பூந்தமல்லி மண்டபத்தில்? காலையிலிருந்து ஓடி ஓடிப் பரிமாறிவிட்டு இலையில் உட்காரப் போனேன். “வந்தவங்க சாப்புடட்டும் தாட்சி, நீ நம்ம ஆளு, கடைசிப் பந்தியில குந்திக்கலாம்” என்றீர்கள். கடைசிப் பந்தியில் என்ன இருந்தது? பாயசம் இல்லை, அப்பளம் இல்லை, ரசத்தை சாம்பார் என்று ஊற்றினார்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் செய்வதுதான், போகட்டும் என்று எழுந்து கை கழுவினேன்.

அன்றைக்கு ஒரு நாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் எனக்கு எல்லா நாளும் கடைசிப் பந்திதான்! புது டயர் வந்தால் மற்ற பெண்களுக்கு, ஒட்டுப் போட்ட டயர் எனக்கு, ஏனென்றால் நம்ம ஆளு. லாட்ஜில் கட்டில் குறைந்தால் தரையில் படுக்கிறவள் நம்ம ஆளு. போட்டோவில் இடம் இல்லை என்றால், “தாட்சி, நீ கொஞ்சம் தள்ளிக்கோ.” இத்தனைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை, ஏன் தெரியுமா? அந்த வார்த்தையைக் கேட்டு நானும் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன். யாருக்கும் இல்லாத உரிமை எனக்கு என்று நினைத்தேன். உரிமை யாருக்கு? எடுத்துக்கொள்கிறவருக்கா, கொடுக்கிறவளுக்கா?

சட்டையில் இருப்பதெல்லாம் சின்னச் சின்னப் புள்ளி. வண்டியில் உட்கார்ந்திருந்ததோ பெரிய புள்ளி. அதனால் பெரிய புள்ளி ஜெயித்துவிட்டது. ஜமீலாவிடம் சொல்லப் பயந்தீர்கள், அதுதான் அவளுக்கு நீங்கள் கொடுத்த மரியாதை. என்னிடம் அந்தப் பயம் உங்களுக்குக் கிடையாது.

மதனப்பள்ளிக்கு வருகிறேன். உங்களுக்காக இல்லை, அந்த மலைக்காக. விடிகாலையில் வேலப்பன்சாவடி வரை போய் வந்து காலைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். காலேஜ் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே கொல்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மலைச் சட்டைக்கு நான்தான் என்று எல்லாப் பெண்களும் இருக்கும்போது, லோகநாதன் முன்னால், உங்கள் வாயால் சொல்ல வேண்டும். என் காதில் மட்டும் சொல்கிற சத்தியங்களை நான் நிறையக் கேட்டாகிவிட்டது.

மாற்று சிலிண்டர் படிக்கட்டுக்குக் கீழே, சாக்குப் பைக்குப் பின்னால் இருக்கிறது.

தாட்சாயிணி


சேக்காடு
10.3.2025

தாட்சி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு நாளாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஜமீலா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தாள். “அக்கா எப்போ வருவாங்க?” என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அதையும் குடிக்க முடியவில்லை.

லோகநாதன் சார் புனேயிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறார். வேகமாகத்தான் ஓட்டுகிறாள். மதனப்பள்ளிக்கு ஒரு டீமுக்கு ஐந்து பேர்தான். ஒருத்தரை நீக்க வேண்டியிருந்தது. மற்ற மூன்று பெண்களும் சின்னவர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஓட்ட வருகிறவர்கள். அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? அதனால் இந்தத் தடவை மட்டும் உன்னை ரிசர்வில் போட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் இரண்டு வார்த்தை எழுதி அடித்திருக்கிறேன். நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். பார்க்காதே.

அடுத்த பந்தயம் உனக்குத்தான்.

சம்பத்


காட்டுப்பாக்கம்
13.3.2025

சம்பத் அவர்களுக்கு,

பார்த்தேன். நன்றாக அடித்திருக்கிறீர்கள், ஆனால் ‘ளு’வின் சுழி வெளியே தெரிகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றே பெங்களூரு டீம் மேனேஜர் ஜோயாவுக்கு போன் செய்தேன். போன வருடமே கேட்டவர்தான். அப்போது, நான் எங்கேங்க வர்றது, எங்க வீட்டு டீமே இருக்கே என்று சிரித்தேன். இப்போது அவர் கேட்ட முதல் கேள்வி, “உனக்கு என்ன வேணும்?” எனக்கு அந்தக் கேள்வியே பழக்கமில்லை. இரண்டு தடவை கேட்க வைத்துவிட்டு, புள்ளிச் சட்டை என்றேன். “சரி, அதுக்கு ஓட்டு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

என்னை விடுவித்து நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் மதனப்பள்ளியில் அவர்கள் டீமில் ஓட்ட முடியும். காகிதம் இதோடு இருக்கிறது. போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போடாவிட்டால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஆனால் அது எந்த வீடு என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுவேன்.

தாட்சாயிணி


சேக்காடு
15.3.2025

தாட்சாயிணிக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போடாதே என்றார் லோகநாதன். போட்ட பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

வீட்டுச் சண்டையை நீ ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று ரேவதி கத்துகிறாள். ரோட்டில் ஆரம்பித்ததுதான் வீட்டுக்கு வந்தது என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கே இப்போதுதான் புரிகிறது.

மதனப்பள்ளியில் பார்ப்போம். அங்கே உன் முன்னால் நான் யாராக நிற்க வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை.

சம்பத்


மதனப்பள்ளி
7.4.2025

என்னங்க,

நேற்று பரிசளிப்பு முடிந்ததும் நீங்கள் என் பக்கம் வரவே இல்லை. வண்டிக்குப் பின்னால் நின்று சக்கரத்தைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தீர்கள். திட்டுவேன் என்று பயமா? நியாயம்தான். திட்டத்தான் இருந்தேன். ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று நாள் அந்தச் சட்டை என் முதுகில் இருந்தது. யாருக்குப் பதிலாகவும் இல்லை, நானே முதலில் இருந்து போட்டேன். அம்மா போனில், “நல்லா எடுப்பா கீதுடி” என்றாள். நேற்று ஹார்ஸ்லி மலை அடிவாரத்தில் மதி எனக்கு ஒரு புள்ளி பின்னால். உச்சியை முதலில் தொடுகிறவளுக்குச் சட்டை. அன்றைக்குப் போலவேதான், ஆள் மட்டும் இடம் மாறியிருந்தது.

மேலே நானும் அவளும் மட்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. என் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது. கடைசிக்கு முந்தின வளைவில் நீங்கள் இரண்டு கையிலும் பாட்டிலோடு நின்றீர்கள். எத்தனை வருடப் பழக்கம்! என் கை தானாக நீண்டுவிட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பாட்டிலை நெஞ்சோடு இழுத்துக்கொண்டீர்கள். இன்னொரு கையால் மதிக்குக் கொடுத்தீர்கள். எனக்கு நாக்கு மட்டுமில்லை, நெஞ்சே வறண்டுபோனது. பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்புறம் கத்தினீர்களே, மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி! “மதி! அவ வலது முழங்கை வெளிய போய்ட்ச்சி பாரு! அவ காலி! இப்போ அடி! உடாதே, அடி!”

என் வலது முழங்கை. களைத்துப்போனால் அது வெளியே விலகும் என்று எனக்கே தெரியாது. ஜோயாவுக்கும் தெரியாது. ஏழு வருடம் என் பக்கத்தில் ஓட்டி, என் பின்னால் வண்டியில் வந்து பார்த்த ஒருவருக்குத்தான் தெரியும். அதை எடுத்து, நடு ரோட்டில், எனக்கு எதிராக வீசினீர்கள். மதி சீட்டிலிருந்து எழுந்து மிதித்தாள். நானும் விடவில்லை. இன்னும் நூறு அடி இருந்திருந்தால் பிடித்திருப்பேன். ஒரு சக்கர இடைவெளியில் போய்விட்டது.

கோட்டைத் தாண்டி விழுந்து கிடந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. நீங்கள் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள்! சும்மா போகிறவளைப் பார்த்து எந்த மேனேஜரும் தொண்டை கிழியக் கத்த மாட்டான். என்னை முந்த முடியாது என்று பயந்து, கையில் இருந்ததை எல்லாம் எடுத்து வீசியிருக்கிறீர்கள். அந்த வெயிலில் படுத்துக்கொண்டே சிரித்தேன். முதலுதவிக்காரர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தண்ணீர் அடித்தார்கள்.

வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். மேடையில் மதி அதைப் போட்டபோது வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. ஆனால் இது வேறு எரிச்சல். கொல்லிமலையில் என் கையில் இருந்ததை எடுத்து இன்னொருத்திக்குத் தானம் கொடுத்தீர்கள். தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கேட்கிறவளுக்குத்தான் அசிங்கம். இங்கே என்னிடமிருந்து பிடுங்கினீர்கள். பிடுங்கியதை நான் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டுக்கு வருகிறேன். வீட்டுக்குத்தான் வருகிறேன், டீமுக்கு வரவில்லை. ஜோயாவிடம் அடுத்த வருடத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. விடிகாலையில் நான் ஒரு பக்கம் ஓட்டப் போவேன், நீங்கள் உங்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு வேறு பக்கம் போங்கள். எங்கே போனாய், எவ்வளவு தூரம், எந்த மேடு என்றெல்லாம் சாப்பிடும்போது தூண்டில் போடாதீர்கள், சொல்ல மாட்டேன். முழங்கையைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் மதியிடம் சொல்லிவையுங்கள்.

தாட்சி